இரண்டாவது பிரேக்

கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகளின் வண்டியில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று கற்றுக்கொள்பவரின் காலடியில், மற்றொன்று பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவரின் காலடியில். முதலாவது வண்டியை நிறுத்துவதற்கு. இரண்டாவது மிதிக்காமல் இருப்பதற்கு என்பார் டீச்சர்.

"நாம மிதிச்சிட்டா, உனக்கு ஓட்டத் தெரியலைன்னு சொன்ன மாதிரி ஆயிடும். வாயால திட்டினாக்கூட மறந்துடுவாங்க. கால் சொன்னதை மறக்க மாட்டாங்க."

இது கொஞ்சம் மிகைதான். ஆபத்து என்றால் மிதிக்கத்தான் வேண்டும், அவரும் மிதித்திருக்கிறார். ஆனால் அவரிடம் கற்ற பலருக்கு அப்படி ஒரு பிரேக் இருந்ததே உரிமம் கைக்கு வந்த பிறகுதான் தெரியவந்தது. மற்றபடி சொல்லிக்கொடுப்பதில் அவருக்குத் தனித்த திறமை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. பொறுமை சாதாரணம், குரல் கட்டை, ஒன்றை இரண்டாம் தடவை விளக்கும்போதும் முதல் தடவை சொன்ன அதே வார்த்தைகள். காலை வைத்த இடத்தில் வைத்திருப்பார், அவ்வளவுதான். பக்கத்தில் ஒருவர் தடுமாறும்போது சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்தால், அது சிறிய விஷயமில்லை.

அவருக்கு ஐம்பது வயது நெருங்கியபோது மாணவர்கள் ரகசியமாக ஒரு பெயர் வைத்தார்கள்: பிரேக்கம்மா.

அது தொடங்கியது குடிநீர்த் தொட்டிக்குப் பின்னால் போகும் நேர்ச்சாலையில். ஓட்டியவர் ஒரு வங்கிக் காசாளர். கவனமான மனிதர், தேவைக்கு மேல் மெதுவாகப் போகிறவர். சாலையில் ஈ காக்கை இல்லை. திடீரென்று டீச்சருக்கு நெஞ்சுக்குள் யாரோ பின்னாலிருந்து தள்ளியது போல் ஒரு துள்ளல். அடுத்த நொடி மார்பிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் அனல் ஏறியது. கால் தானாக அழுத்தியது. வண்டி குலுங்கி நின்றது.

"என்ன டீச்சர்?"

"நாய்."

"எங்க?"

"போயிடுச்சு."

நாய் எதுவும் வரவில்லை. ஆனால் அதன் பிறகு அந்தச் சாலையில் நாய்கள் பெருகின. கறுப்பு ஒன்று, செவலை ஒன்று, நொண்டிக்கொண்டு ஓடியது ஒன்று. "தொட்டி ரோட்ல நாய் ஜாஸ்தி, பாத்துப் போ" என்று மாணவர்கள் ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொள்ளும் அளவுக்குப் போயிற்று.

ஆபத்தைப் பார்க்கிறோம், அதனால் பயப்படுகிறோம் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். டீச்சரிடம் வரிசை மாறிவிட்டது. பயம் முதலில் வந்து நின்றது. தனக்கு ஒரு காரணம் வேண்டும் என்று அடுத்துத்தான் கேட்டது. வேறு வேலையில் இருந்திருந்தால் அவர் தன் உடம்பைச் சீக்கிரமே சந்தேகப்பட்டிருப்பார். மேசைக்கு முன் உட்கார்ந்திருப்பவருக்கு நெஞ்சு துள்ளினால் மேசையைக் குறை சொல்ல முடியாது. சாலையில் இருப்பவருக்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. அனலுக்கு வெயில், துள்ளலுக்கு லாரி, எரிச்சலுக்கு மாணவர்.

மாணவர்களும் அவர்கள் பங்குக்குத் தவறாகப் புரிந்துகொண்டார்கள். ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு புகைப்படக்காரர் தன் வகுப்புகளில் பாதி நேரம் சாலையைவிட டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் துண்டால் கழுத்தைத் துடைக்கிறார், ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் துடைக்கிறார். மனிதருக்கு மனம் உடைந்துபோயிற்று.

"டீச்சர், உண்மையைச் சொல்லிடுங்க. நான் அவ்வளவு மோசமாவா ஓட்டுறேன்?"

"இல்லீங்க. நல்லாத்தான் ஓட்டுறீங்க."

"நல்லா ஓட்டுறதுக்கே இப்படி வேர்க்குதுன்னா, மோசமா ஓட்டினா நீங்க பொழைப்பீங்களா?"

அவர் மறுவாரம் வரவில்லை. வேறொரு பள்ளியில் சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது.

தகவல் வந்து சேர்ந்த இடம்தான் பிரச்சினை. பள்ளியின் உரிமையாளர் டீச்சரின் நாத்தனார், கணவரின் அக்கா. ஒரு காலத்தில் அவரே வண்டியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர். முட்டி வலி என்று சொல்லி வண்டியைத் தம்பி மனைவியிடம் கொடுத்துவிட்டு, அலுவலகத்தில் கவுண்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவர்.

"ஏம்மா, அந்த ரோட்ல நாயே இல்லையாமே?"

டீச்சர் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினார்.

"ஸ்டுடியோக்காரன் ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கான், இந்த ஸ்கூல் டீச்சருக்கு கை கால் நடுங்குதுன்னு."

"நடுங்கலை அண்ணி. வேர்க்குது."

"ரெண்டும் ஒண்ணுதான் பாக்கிறவனுக்கு. இங்க வந்து உக்காரு. விதிமுறை வகுப்பு நீ எடு, வண்டிக்கு வேற ஆள் போட்டுக்கலாம். உக்காந்த வேலை, ஃபேன் இருக்கு. என்ன குறைச்சல்?"

"எனக்கு வண்டிதான் வேணும்."

"மழைக்காலம் முடியட்டும். அதுவரைக்கும் பாக்கிறேன். அப்பவும் இப்படியே இருந்தா நான் கேட்டுட்டு நிக்க மாட்டேன்."

கவுண்டர் என்றால் டீச்சருக்கு என்ன என்று தெரியும். கல்யாணமான புதிதில் அங்கேதான் ரசீது கிழித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டி போகும், வரும். இவர் அங்கேயே இருப்பார். நாத்தனாரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஓட்டக் கற்று, பக்கத்து இருக்கைக்கு வந்து சேர்ந்தவர். அந்த இருக்கையை விட்டுவிட்டால் தன்னிடம் மீதி என்ன இருக்கும் என்று யோசித்துப் பார்த்து, அந்த யோசனையைப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

ஆகவே மருத்துவர்களிடம் போனார். துணைக்குக் கணவர் வந்தார். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர்.

நெஞ்சுத் துள்ளலுக்கு இதய மருத்துவர். மார்பில் ஒயர்களை ஒட்டிப் பார்த்து, ஓடவிட்டுப் பார்த்து, "உங்க இதயம் இருபது வயசுப் பொண்ணோடது" என்றார். அந்த இருபது வயதுப் பெண் எதற்கு இப்படி அடித்துக்கொள்கிறாள் என்று கேட்க டீச்சருக்குத் தோன்றவில்லை. தலைசுற்றலுக்குக் காது மருத்துவர், காது சுத்தம் என்றார். தோள்பட்டை வலிக்கு எலும்பு மருத்துவர், கையைத் தூக்கும் பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார். தூக்கமில்லை, எடுத்ததற்கெல்லாம் எரிந்துவிழுகிறேன் என்றதற்கு இன்னொருவர் ஒரு மாத்திரை எழுதினார். அதைப் போட்டுக்கொண்டால் மத்தியானம்வரை தலைக்குள் பஞ்சு. வண்டி ஓட்டக் கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தது. டீச்சர் அதை அலமாரியின் மேல்தட்டில் வைத்ததோடு சரி.

யாரும் தவறாகப் பார்த்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் தன் அறைக்குள் வந்த உடம்பைச் சரியாகவே பார்த்தார்கள். அறைகளுக்கு நடுவில் நடந்துபோன மனுஷி மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

"லிஃப்ட்ல சத்தம் வந்தா நான் கயிறைப் பாப்பேன், மோட்டாரைப் பாப்பேன், கதவைப் பாப்பேன்" என்றார் கணவர், காத்திருக்கும் நாற்காலியில் நெளிந்தபடி. "இங்க கயிறுக்கு ஒரு டாக்டர், மோட்டாருக்கு ஒரு டாக்டர்."

"நான் என்ன லிஃப்டா?"

"லிஃப்டா இருந்தா எப்பவோ சரி பண்ணியிருப்பேன்."

மனைவி சிரிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் கணவர் சொன்னார். டீச்சர் சிரிக்கவில்லை. அந்த வருடம் பல விஷயங்கள் அப்படித்தான் ஆகியிருந்தன. மாலையில் தோழிகளோடு நடக்கப் போவதை நிறுத்தியிருந்தார். நடுவில் முகம் சிவந்து வேர்த்தால் அவர்கள் பார்ப்பார்கள் என்ற கூச்சம். கல்லூரிக்குப் போகும் மகளிடம், குளியலறை விளக்கை அணைக்காததற்குக் கத்திவிட்டு, பிறகு அதே குளியலறைக்குள் போய் அழுதார். தெரிந்த தெருக்களின் பெயர்கள் வாய்வரை வந்து நின்றுகொண்டன. "அந்த... மருந்துக்கடை இருக்கிற திருப்பம்" என்று வழி சொல்ல ஆரம்பித்திருந்தார்.

இத்தனையிலும் மாதவிடாய் நின்றுபோனது பற்றி எந்த மருத்துவரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. அது ஒரு தொல்லை, விட்டுத் தொலைந்தது, அவ்வளவுதான். முடிந்துபோன ஒன்றை நோய்க்கணக்கில் சேர்க்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்? இருப்பதுதான் வலிக்கும், இல்லாதது எப்படி வலிக்கும்? இது மேலோட்டமாகப் பார்த்தால் சரியான வாதம். அதனால்தான் அதில் அவ்வளவு காலம் மாட்டிக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்தின் நடுவில் ஒரு புது மாணவி சேர்ந்தார். திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருந்தவர், டீச்சர் வயதுதான். தைத்ததை வீடுகளுக்குக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வர ஒரு சின்ன வேன் வாங்கியிருந்தார். அதை ஓட்ட வைத்திருந்த ஆள் நின்றுவிட்டதால் தானே ஓட்டுவது என்று முடிவெடுத்தவர். முதல் நாளே எச்சரிக்கை செய்தார்: "டீச்சர், எனக்கு நேரா தைக்க வரும். நேரா ஓட்ட வருமான்னு தெரியாது."

வந்தது. துணியை மிஷினுக்குள் தள்ளுகிற மாதிரி, அவசரமில்லாமல் ஓட்டினார். ஆனால் திடீர் திடீரென்று முகம் சிவந்து, ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். பயம்போலிருக்கிறது என்று டீச்சர் நினைத்தார். பயந்தவர் பக்கத்தில் தானும் பயந்துகொண்டிருந்தால் வண்டி எப்படிப் போகும் என்று கவலைப்பட்டார்.

அன்று நல்ல மழை. பெரிய சிக்னலில் சிவப்புக்கு நின்றிருந்தார்கள். எல்லா வண்டிகளிலும் கண்ணாடி ஏற்றியிருந்தது. டீச்சருக்கு மார்பிலிருந்து அனல் கிளம்பியது. இன்னும் ஒரு நொடி உள்ளே இருந்தால் மூச்சு நின்றுவிடும்போல் இருந்தது. விசையை அழுத்திக் கண்ணாடியை இறக்கினார். அதே நொடியில் மறுபக்கக் கண்ணாடியும் இறங்கியது. இரண்டு பக்கமும் சாரல் அடித்தது. இருவரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"மழை உள்ள வருது" என்றார் டீச்சர்.

"உங்க பக்கமும்தான் வருது."

"நீங்க ஏன் இறக்கினீங்க?"

"நீங்க ஏன் இறக்கினீங்க?"

தையல்காரரின் முகம் பழுத்த மிளகாய்போல் சிவந்திருந்தது. டீச்சர் முகமும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் தையல்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பொத்த முடியாமல் சிரித்தார்.

"அட கடவுளே. உங்களுக்குமா?"

"எனக்கும்னா?"

"டீச்சர், என்னைச் சேத்துக்க மாட்டீங்களோன்னு சொல்லாம இருந்தேன். எனக்கு பயமெல்லாம் இல்ல. கொதிப்பு. அது நின்னதிலிருந்து இப்படித்தான். கடையில ஃபேன் என் பக்கமே திரும்பி நின்னு அதுக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சு."

சிக்னல் பச்சையாயிற்று. பின்னால் ஹாரன்கள் கத்தின. தையல்காரர் சிரித்துக்கொண்டே கிளட்சை விட, வண்டி குதித்து அணைந்தது. டீச்சர் திட்ட வேண்டிய இடம். அவரால் முடியவில்லை, அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வழிய, "சாவியைத் திருப்புங்க, முதல்ல சாவியைத் திருப்புங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஓரமாக நிறுத்திய பிறகு கேட்டார். "நெஞ்சு துள்ளுமா?"

"துள்ளும்."

"காரணமே இல்லாம பயம் வருமா? ஏதோ ஆகப்போகுதுன்னு?"

"வரும். யாரோ செத்துட்டாங்கன்னு போன் வரப்போற மாதிரி. போனைப் பாத்தா ஒண்ணும் இருக்காது. நூலகத்துக்கு மாடியில ஒரு டாக்டரம்மா இருக்காங்க. அவங்கதான் எனக்கு எல்லாத்தையும் கோத்து வெச்சாங்க. போய்ப் பாருங்க."

டீச்சர் தனியாகவே போனார். எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்க்கும் சாதாரண மருத்துவமனை அது. டாக்டரம்மா எல்லா அறிக்கைகளையும் புரட்டினார். எதையும் குறை சொல்லவில்லை. பிறகு கேட்டார்.

"கடைசியா எப்போ வந்துச்சு?"

"எது?"

"பீரியட்ஸ்."

"அது நின்னு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்கு முன்னாடியும் வர்றதும் போறதுமாத்தான் இருந்துச்சு. அதுக்கென்ன இப்போ?"

டாக்டரம்மா நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சூடு, துள்ளல், தூக்கம், எரிச்சல், மறதி, மூட்டு என ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் எப்போது தொடங்கியது என்றும் கேட்டார். கேட்கக் கேட்க, தனித்தனி அறைகளில் விட்டுவிட்டு வந்தவை ஒவ்வொன்றாக வந்து ஒரே இடத்தில் உட்கார்ந்தன.

"உடம்பில ஒரு ஹார்மோன் குறையும்போது, சூட்டைக் கட்டுப்படுத்துற இடம் கொஞ்சம் தடுமாறும். கொஞ்சம் சூடு ஏறினாக்கூட ரொம்ப ஏறிட்டதா நினைச்சுக்கும். வேர்க்க வைக்கும், இதயத்தை வேகமா ஓட வைக்கும். இதயம் அடிச்சுக்கிறப்போ மனசு என்ன நினைக்கும்? பயப்பட வேண்டியது ஏதோ இருக்குன்னுதானே நினைக்கும்?"

டீச்சர் கையிலிருந்த துண்டை மடித்தார். "அப்போ நாய் இல்லை" என்றார்.

"எந்த நாய்?"

சொன்னார். டாக்டரம்மா சிரிக்காமல் கேட்டது டீச்சருக்குப் பிடித்திருந்தது.

ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை செய்தார்கள். குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் உண்டா, ரத்தம் உறையும் நோய் உண்டா என்று விசாரித்தார் டாக்டரம்மா. தோலில் ஒட்டிக்கொள்ளும் ஹார்மோன் பட்டை பற்றியும், ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் பற்றியும் சொன்னார். எது எவ்வளவு உதவும், எதில் என்ன சின்ன ஆபத்து என்பதையும் மறைக்கவில்லை. இரண்டு தடவை போய்க் கேள்வி கேட்டுவிட்டுத்தான் டீச்சர் பட்டைக்குச் சம்மதித்தார்.

"ஒரே நாள்ல மாயமா மறையாது. சில வாரம் ஆகும். முழுசாப் போகாமலும் இருக்கலாம்."

"பிரேக்?"

"அது உங்க தொழில். எனக்குத் தெரியாது. நான் ஓட்டினா என் வீட்டுக்காரரே ஏற மாட்டார்."

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் யோசித்தார். "அப்போ ஒரே ஒயர்தானா?" என்றார். பிறகு, "நானாவது கேட்டிருக்கணும்" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காக டீச்சர் அவருக்கு முதலாவதை மன்னித்தார்.

நாத்தனாரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. கவுண்டரில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் பார்த்துச் சொன்னார். நாத்தனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏன், எங்களுக்கெல்லாம் வரலையா? ஊரைக் கூட்டிச் சொல்லிட்டா திரிஞ்சோம்?"

"நீங்க என்ன பண்ணீங்க அண்ணி?"

"என்னத்தைப் பண்றது? பல்லைக் கடிச்சிக்கிட்டு..." அவர் நிறுத்தினார். சுவரில் மாட்டியிருந்த போக்குவரத்துக் குறிகளின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "முட்டி வலின்னு சொன்னேன்."

"ஆமா, முட்டி வலின்னுதான்..."

"முட்டிக்கு ஒண்ணும் இல்லம்மா. இப்பக்கூட மூணு மாடி ஏறுவேன்." அவர் குரல் தாழ்ந்தது. "ஒரு நாள் பாலத்து மேல போறோம். ஓட்டினவ சின்னப் பொண்ணு, நல்லாத்தான் ஓட்டினா. எனக்கு நெஞ்சு அப்படியே வாய்க்கு வந்துடுச்சு. நடுப்பாலத்துல பிரேக்கை மிதிச்சிட்டேன். பின்னாடி வந்த பஸ் இடிக்காம விட்டது எங்க நல்ல நேரம். எனக்கு வயசாயிடுச்சு, புத்தி போயிடுச்சுன்னு நினைச்சேன். மறுநாளே வண்டிச் சாவியை உன் கையில கொடுத்துட்டேன்."

டீச்சருக்கு அப்போதுதான் புரிந்தது. கவுண்டரில் வந்து உட்கார் என்று நாத்தனார் சொன்னது விரட்டல் இல்லை. தனக்குத் தெரிந்த ஒரே மருந்தைத்தான் அவர் எடுத்து நீட்டியிருக்கிறார்.

"டாக்டர்கிட்ட போகலையா?"

"எதுக்கு? புத்தி போனதுக்கா?" என்று எரிந்துவிழுந்தார் நாத்தனார். பிறகு, "மழை விடட்டும். நானே பின்சீட்ல உக்காந்து பாக்கிறேன். அண்ணி, தம்பி பொண்டாட்டின்னு பாக்க மாட்டேன். மிதிச்சா மிதிச்சதுதான்" என்றார்.

வாரங்கள் போயின. சூடு குறைந்தது, நிற்கவில்லை. தூக்கம் துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. தோழிகளோடு மறுபடி நடக்கப் போனார். அங்கே விஷயத்தைச் சொன்னதும், நடை நின்றுபோய் ஐந்து பேரும் பாதையோரப் பெஞ்சில் உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. ஒவ்வொருத்திக்கும் சொல்ல ஒரு கதை இருந்தது. வண்டியில் அவர் ஒரு பழக்கத்தை உண்டாக்கிக்கொண்டார். நெஞ்சு துள்ளினால் முதலில் கண்ணைக் கேட்பது: முன்னால் என்ன இருக்கிறது? பக்கவாட்டில்? கண்ணாடியில்? ஆபத்து இருக்கிறது என்று கண் சொன்னால்தான் காலுக்கு வேலை. சொல்ல எளிது. தன் நெஞ்சு சொல்வதை நம்பாமல் இருக்கப் பழகுவது, மற்றவர் சொல்வதை நம்பாமல் இருப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

மழை விட்ட ஒரு காலையில் நாத்தனார் பின்சீட்டில் ஏறினார். ஓட்டியவர் தையல்காரர்.

"பின்னாடி ஆள் இருக்காங்கன்னு பயப்படாதீங்க" என்றார் டீச்சர்.

"நான் ஏன் பயப்படணும்? பரீட்சை உங்களுக்குத்தானே?" என்றார் தையல்காரர். பின்சீட்டிலிருந்து ஒரு கனைப்பு வந்தது.

ரவுண்டானாவை நெருங்கும்போது வந்தது. பழைய துள்ளல், அப்படியே. கழுத்துக்கு அனல். கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கின. முன்னால் பார்த்தார்: ஒரு பேருந்து வட்டத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் ஒரு சைக்கிள் நின்று வழிவிட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடியில் காலிச் சாலை. நெஞ்சு மட்டும், ஏதோ நடக்கப்போகிறது என்று ஒற்றைக்காலில் நின்றது. கால் தரையிலேயே இருந்தது.

"போங்க. இப்போ போகலாம்" என்றார். குரல் வழக்கம்போல் கட்டையாக இருந்தது. தையல்காரர் மடிப்புக் கலையாமல் வட்டத்துக்குள் நுழைந்து, சுற்றி, வெளியே வந்தார்.

சந்தைத் தெருவில், நின்றிருந்த லாரிக்கு முன்னாலிருந்து ஒரு தள்ளுவண்டி திடீரென்று வெளியே தலைநீட்டியது. தையல்காரர் கடைப்பலகை எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் மிதித்தார். வண்டி ஒரு கை தூரத்தில் நின்றது. தள்ளுவண்டிக்காரர் கையை உயர்த்திவிட்டுப் போனார். டீச்சர் கவனித்தார்: இந்தத் தடவை நெஞ்சில் ஒரு சலனமும் இல்லை.

கடைத்தெருவைத் தாண்டிய பிறகு நாத்தனார் சொன்னார்:

"கவுண்டருக்கு வேற ஆள் பாக்கணும் போலிருக்கே."

"அங்கதான் நீங்க இருக்கீங்களே அண்ணி."

"இருந்தது போதும்." நாத்தனார் முன்சீட்டை நோக்கிக் குனிந்தார். "அந்த டாக்டரம்மா, நின்னு இத்தனை வருஷம் ஆனவங்களையும் பாப்பாளா? இப்பவும் எப்பவாவது வருது."

"கேப்போம். நான் கூட வர்றேன்."

மைதானத்தை ஒட்டிய அகலச் சாலை வந்தது. "ஏம்மா, ஓரமா நிறுத்து" என்றார் நாத்தனார் தையல்காரரிடம். இறங்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓட்டுபவர் பக்கத்து முன்கதவைத் திறந்தார். தையல்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் பின்னால் போய் உட்கார்ந்தார். நாத்தனார் இருக்கையை முன்னால் இழுத்தார், பிறகு கொஞ்சம் பின்னால் தள்ளினார். ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்தார். பிறகு எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார்.

"இந்த வண்டியில கிளட்ச் எங்க பிடிக்கும்?"

"அதை அப்புறம் சொல்றேன்" என்றார் டீச்சர். "முதல்ல கண்ணாடியைச் சரி பண்ணுங்க."